வைட் தீவில் செப்படி வித்தை

லண்டன் வாட்டர்லூவில் ஏறினால், ரயில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தின் விளிம்பிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து வைட் தீவின் ரைடு ஊருக்கு விரைவுப் படகில் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ரைடில் படகு அணைவது கரையில் அல்ல. 1814-இல் திறந்த நீண்ட பாலத்துறை ஒன்று கடலுக்குள் வெகுதூரம் நீண்டிருக்கிறது, அதன் நுனியில். அந்த நுனியிலேயே ஒரு ரயில் நிலையமும் உண்டு. நிற்கும் வண்டி லண்டன் சுரங்க ரயிலைப் போலவே இருக்கும். உண்மையிலேயே லண்டனில் ஓடி முடித்த பெட்டிகள்தான். ரைடு ஊருக்குள் இருக்கும் குகைப்பாதையின் கூரை மிகத் தாழ்வு என்பதால் சாதாரண ரயில் பெட்டி அதில் நுழையாது. லண்டனில் கழித்துவிட்டதை வாங்கிப் புதுப்பித்து இங்கே ஓட்டுகிறார்கள். 2021 வரை ஓடியவை 1938-ஆம் ஆண்டுப் பெட்டிகள்.

என் பையில் ஒரு பித்தளைச் சொம்பு, காம்பு வைத்த மூன்று மரச் செப்புகள், துணி உருண்டைகள், பக்குவப்படுத்திய மூன்று நிற மணல், ஒரு எட்டு முழ வேட்டி. சொம்பு கும்பகோணத்துப் பாத்திரத் தொழிலாளி ஒருவர் எனக்காகவே அடித்துக் கொடுத்தது. வேலை நேரம் போக மீதி நேரத்தை மேஜிக்குக்குக் கொடுத்துவிட்டவன் நான். லண்டனுக்கு வரும் செய்தி எப்படியோ நண்பனின் தங்கைக்கு எட்டிவிட்டது. பாளையங்கோட்டைப் பெண், தீவில் உள்ள ஒரு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ்.

“அண்ணே, இவ்வளவு தூரம் வர்றீங்க, இங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. எங்க சீனியர் சிஸ்டர் ரிட்டயர் ஆகுறாங்க. இந்தியா தீம்ல பார்ட்டி. நீங்க அரை மணி நேரம் மேஜிக் பண்ணணும்” என்றாள். ஓய்வு பெறுபவர் ஆங்கிலேயப் பெண்மணி. கேரளத்தையும் தமிழ்நாட்டையும் சேர்ந்த நர்ஸுகளுக்குப் பல ஆண்டு தொழில் கற்றுக்கொடுத்தவர். விருந்தை இந்திய முறையில் வைக்கவேண்டும் என்று அவரே விரும்பிக் கேட்டாராம். கூட வேலை செய்பவர்கள் மேஜிக்காரனுக்கு ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தார்கள்: மகாராஜா தலைப்பாகை, பாம்பு, அந்தரத்தில் நிற்கும் கயிறு.

பட்டியலில் அன்பு இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வித்தை மட்டும் இல்லை.

இங்கிலாந்தில் இந்திய மேஜிக் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடச் சரக்கு ஏராளம். கவிழ்க்கக் கவிழ்க்க நீர் ஊறும் லோட்டா, தண்ணீருக்குள் கொட்டி உலர்ந்தபடியே எடுக்கும் ‘கங்கை மணல்’, பிய்த்துச் சேர்க்கும் நூல், வெட்டி ஒட்டும் தலைப்பாகை, ஆள் உட்கார்ந்த கூடையில் வாள் செருகுவது. நம் மோடி வித்தைக்காரர்களிடமிருந்து போனவை சில. அவர்கள் பெயரைச் சொல்லி விற்றவை பல. இதில் நான்கை எடுத்துவைத்து, ஜரிகைக் கோட்டு ஒன்றை மாட்டி, சிதார் இசையை ஓடவிட்டால் ‘தீம்’ முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் இந்தியக் கண்ணோடு பார்க்கப் போகிறவர்கள். அவர்களுக்கு ஜரிகைக் கோட்டு என்ன சொல்லும்?

வித்தை நடப்பது மேடையில் நிற்பவனின் உடம்பில் அல்ல. கையில் இருக்கும் பொருளைப் பற்றிப் பார்ப்பவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கையில். சொம்பைக் கவிழ்த்தால் நீர் முழுக்க இறங்கிவிடும் என்பதை வாழ்நாள் முழுக்கக் கையால் அறிந்தவள் ஒரு மலையாளி நர்ஸ். அதே சொம்பு மறுபடி நிறைந்திருந்தால் அவளுக்குள் ஏதோ ஒன்று ஆடும். சொம்பையே பார்த்திராத ஆளுக்கு அது ஏதோ கீழ்நாட்டுக் குடுவை. அதற்குள் எதுவும் இருக்கலாம். ஆகவே எந்தப் பொருள் யாருக்குப் பழக்கம் என்று பார்த்துத்தான் வித்தையை மாற்றவேண்டும். வேஷம் கடைசியில் யோசிக்க வேண்டிய விஷயம், அல்லது யோசிக்கவே வேண்டாத விஷயம்.

லண்டனில் தங்கியிருந்தபோது ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் நடந்தபடி இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இரும்பு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் வித்தை உலகெங்கும் தெரிந்தது. அதை வளையலால் செய்தால் இந்தியத்தன்மை வந்துவிடும் என்று தோன்றும். வராது. திருகாணி வைத்த காப்பு நம் வீடுகளில் பழக்கம். எங்கோ திறக்கும் என்றுதான் நம் பெண்கள் முதலில் நினைப்பார்கள். போதாததற்கு, பின்வரிசையில் இருப்பவருக்கு வளையல் தெரியாது. வளையங்களை ஊரிலேயே விட்டுவந்தது நல்லது.

செப்புக்கடியில் உருண்டையை வரவும் மறையவும் வைக்கும் செப்படி வித்தையில் வேறு சிக்கல். மேல்நாட்டு மேஜிக்காரர்கள் கடைசியில் கிண்ணத்தைத் தூக்கும்போது பெரும்பாலும் எலுமிச்சம்பழம் இருக்கும். உருண்டை, பளிச்சென்ற நிறம், எதிர்பாராத அளவு என்பதுதான் அவர்கள் கணக்கு. தமிழ்க் குழந்தை முன்னால் கிண்ணத்துக்கடியிலிருந்து எலுமிச்சம்பழம் உருண்டு வந்தால் அது சிரிக்காது, அம்மாவைப் பார்க்கும். மாந்திரீகமும் திருஷ்டியும் நினைவுக்கு வந்துவிடும். எனவே காய்கறிக் கடையில் குட்டிக் கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கினேன். காம்பும் முள்ளுமாக ஊதா நிறத்தில் மூன்று. ஆங்கிலேயருக்கு அது விநோதம். நம்மவருக்கு அது எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு வகையிலும் சிரிப்பு நிச்சயம்.

ஷாங்க்ளினோடு தண்டவாளம் முடிகிறது. வென்ட்னர் வரை போன பாதையை 1966-இல் மூடிவிட்டார்கள். மீதி தூரம் பேருந்து. வென்ட்னரின் தெருக்கள் மலைச்சரிவில் மடிந்து மடிந்து கடலுக்கு இறங்குகின்றன. பக்கத்தில்தான் பான்சர்ச் கிராமம். இந்தக் கரையோர மண் நகர்ந்துகொண்டே இருப்பது. 2023 டிசம்பரில்கூடப் பெரிய சரிவு ஒன்று வந்தது. விருந்து மாலையில் என்பதால் காலையில் பான்சர்ச்சுக்கு நடந்தேன். அங்கே பார்க்க வேண்டிய வீடு ஒன்று இருந்தது.

விண்டர்போர்ன் என்பது வீட்டின் பெயர். 1849 கோடையில் சார்லஸ் டிக்கன்ஸ் குடும்பத்தோடு இங்கே தங்கியிருந்தார். ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ மாதாமாதம் வெளிவந்துகொண்டிருந்த காலம். டிக்கன்ஸ் மேஜிக் செய்பவர் என்பது இலக்கிய வாசகர்களில் பலருக்குத் தெரியாது. மேஜிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். 1842-இல் ஒரு மேஜிக்காரரின் சரக்கு முழுவதையும் மொத்தமாக வாங்கிவிட்டதாக நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மறு ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு பிறந்தநாள் விருந்தில் அவர் ஒரு மணி நேரம் செய்துகாட்டியதைப் பார்த்த ஜேன் கார்லைல், தான் கண்ட மேஜிக்காரர்களில் இவரே சிறந்தவர் என்று எழுதினார். காசு கொடுத்துப் போய்ப் பார்த்தவர்களையும் சேர்த்துத்தான் அந்த ஒப்பீடு.

பான்சர்ச்சில் டிக்கன்ஸ் நடத்தியது ‘இந்திய தீம்’ காட்சி. முகத்தையும் கையையும் கறுப்பாக்கிக்கொண்டு, நீண்ட அங்கி போட்டுக்கொண்டு, ‘ரியா ராமா ரூஸ்’ என்ற பெயரில் தோன்றினார். அதற்கு முன் லண்டன் விளம்பரங்களில் இந்திய வித்தைக்காரன் என்று வந்த கியா கான் க்ரூஸ் என்ற பெயரின் சாயல் அது. ஸ்பெயினின் சலமன்கா ஆரஞ்சுத் தோப்பிலும், இதே தீவின் மேற்குக் கோடியில் உள்ள ஆலம் வளைகுடாக் கடற்குகையிலும் மந்திரக் கல்வி கற்றவர் என்று விளம்பரத் தாளில் தன்னைப் பற்றிப் போட்டுக்கொண்டார். வித்தை ஒன்றின் ரகசியத்தைச் சீன அதிகாரி ஒருவரிடம் ஐயாயிரம் கினி கொடுத்து வாங்கியதாகவும், விற்ற துக்கத்தில் அவர் இறந்துபோனதாகவும் அதே தாள் சொல்லியது.

அந்தத் தாளில் உள்ள வித்தைகளை வரிசையாகப் படித்தால் இந்தியா எதிலும் கிடையாது. தாவும் சீட்டு, ரொட்டிக்குள் போகும் கடிகாரம், ஊர் ஊராகப் போய்வரும் பொம்மை, கடைசியாகப் புட்டிங். கூட்டத்தில் ஒரு கனவானின் தொப்பியை வாங்கி, அதற்குள் மாவும் முட்டையும் கொட்டி, நெருப்பில் காட்டி, ஆவி பறக்கும் பிளம் புட்டிங்கை எடுப்பார். தொப்பி அழுக்கில்லாமல் திரும்பும். அந்த வீட்டுக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் புட்டிங் வேக எத்தனை மணி நேரம் ஆகும் என்று தெரியும். அப்பாவின் தொப்பியில் கைவைத்தால் என்ன நடக்கும் என்றும் தெரியும். கூட்டத்தை உலுக்கியது அதுதான். பொருளின் பழக்கத்தை இவ்வளவு கூர்மையாக அறிந்த கலைஞனுக்கு முகத்தில் பூசிய கறுப்பு எதைக் கொடுத்தது என்று வீட்டு வாசலில் நின்று யோசித்தேன். வித்தைக்கு ஒரு குந்துமணி உதவியும் அதனால் இல்லை. அதே கோடையில் ஓவியர் ஜான் லீச் இங்கே அலை தாக்கி மயங்கிக் கிடந்தபோது, டிக்கன்ஸ் அவரை மெஸ்மரிஸம் செய்து தூங்கவைத்துத் தேற்றினார். அதற்கு அவருக்கு எந்த வேஷமும் தேவைப்படவில்லை.

வேஷத்துக்கு மூலமாக இருந்த மனிதர்களை நினைக்காமல் அந்த இடத்தை விட்டு வரமுடியவில்லை. 1813-இல் லண்டன் பால் மால் தெருவில் இந்திய வித்தைக்காரர்களின் காட்சி பெரும் கூட்டத்தை இழுத்தது. அந்த அலையில் புகழ்பெற்றவர் ராமோ சாமி. நம் ஊர்ப் பெயர்தான் என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. இந்திய வித்தைக்காரர்கள் நான்கு பித்தளைப் பந்துகளை விடாமல் சுழலவிட்டதைப் பார்த்து வில்லியம் ஹாஸ்லிட் ஒரு கட்டுரையே எழுதினார். இவ்வளவு நன்றாகத் தன்னால் எதைச் செய்யமுடியும் என்று அதில் தன்னையே கேட்டுக்கொண்டார். ராமோ சாமி 1819-இல் அமெரிக்காவுக்கும் போய்க் காட்டியவர். மணிகளைத் தனியாகவும் குதிரை மயிரைத் தனியாகவும் வாய்க்குள் போட்டுக்கொண்டு, கோத்த சரமாக வெளியே இழுப்பார். ஊசியை விழுங்கி நூலில் கோத்து இழுத்து ஹௌடினி பின்னாளில் அரங்கை நிறைத்தாரே, அதே குடும்பத்து வித்தை. மணி கோக்கும் வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்பது லண்டன் சீமாட்டிகளுக்கும் தெரியும். அதனால்தான் அது அவர்கள் கூடத்தில் எடுபட்டது. இந்திய வித்தைகளை ஆங்கில விருந்துக்குத் தகுந்தபடி வடித்துக் கொடுத்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர் என்றே நான் சொல்வேன். டிக்கன்ஸ் இங்கே ரியா ராமா ரூஸாகக் கைதட்டல் வாங்கிய மறு ஆண்டு, 1850-இல், ராமோ சாமி லண்டனில் இறந்தார். அடக்கத்துக்குப் பணமில்லாமல் அவர் மனைவி பொதுமக்களிடம் உதவி கேட்கவேண்டி வந்தது.

மாலையில் கூடத்துக்குள் நுழைந்தபோது காகித யானைகள் சுவரில் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. பிளாஸ்டிக் சாமந்திச் சரம், ரங்கோலித் தாள், சமோசா, ஒரு பக்கம் கேரளத்துப் பெண்கள் சுடச்சுடக் கொண்டுவந்த பழம்பொரி. ஆங்கிலேய நர்ஸுகள் சேலை கட்டியிருந்தார்கள். மடிப்பு எடுத்துவிட்டது யார் என்று பார்த்தாலே தெரிந்தது, தென்னாட்டு மடிப்பு. பிலிப்பைன்ஸ் நர்ஸுகளும் இருந்தார்கள். எனக்காக ஒரு தலைப்பாகை தயாராக இருந்தது, இறகு செருகியது. வாங்கி, நன்றி சொல்லி, மேஜையில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன். நான் வேட்டி சட்டையில் இருந்தேன்; ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால் எப்படிப் போவேனோ அப்படி.

சொம்பு வித்தையை ஒரே மூச்சில் செய்து முடிக்கக் கூடாது. இதைக் கற்றுக்கொடுத்தது பி.சி. சர்க்கார். 1913-இல் இன்றைய வங்கதேசத்தின் டாங்காயில் பகுதியில் பிறந்தவர். உலகமெங்கும் மகாராஜா உடையில் ஆடியவர். 1956-இல் பிபிசி தொலைக்காட்சியில் பெண்ணை அறுத்துக்காட்டி, அவள் எழுவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட, பார்த்தவர்கள் பதறிப்போய்த் தொலைபேசியில் குவிந்தது பெரிய கதை. அந்த உடை அவர் தானாகத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒரு தன்மானமும் இருந்தது. ஆனால் என்னை ஈர்த்தது அவருடைய ‘வாட்டர் ஆஃப் இந்தியா’. காட்சி முழுக்க, ஒவ்வொரு பெரிய வித்தைக்கு நடுவிலும், மேடை ஓரத்தில் இருந்த சொம்பைக் கவிழ்த்து நீரைக் கொட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்தால் மறுபடி நீர். காற்று நுழைய வழியிருந்தால்தான் நீர் இறங்கும் என்ற சாதாரண விதி அதற்குள் இருக்கிறது. அதற்கு மேல் இங்கே சொல்வது தொழிலுக்குத் தகாது. நான் செய்த ஒரே மாற்றம், நீரை வாளியில் கொட்டவில்லை. வந்தவர்களுக்குக் கைகழுவவும் குடிக்கவும் நீர் தருவது நம் வழக்கம். ஒவ்வொரு வித்தைக்கும் நடுவில் ஒருவர் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். “வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி கொடுக்காம முடியுமா?” என்று மட்டும் சொல்வது. மூன்றாவது முறைக்கெல்லாம் தமிழ்ப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆங்கிலேயர்கள் சொம்பைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

செப்புகளுக்குத் தரையில் உட்கார்ந்தேன். மேல்நாட்டுக் கிண்ணங்கள் உயரமானவை, ஒன்றுக்குள் ஒன்று அடங்குபவை, மேஜைக்காகச் செய்தவை. நம் செப்பு தட்டையானது. மேலே காம்பு உண்டு, அதை இரண்டு விரலிடுக்கில் பிடித்துத் தூக்கவேண்டும். கைவேலையே வேறு. மேஜைமேல் வைத்துச் செய்தால் கை இயல்பாக ஓடாது. எல்லாரும் நாற்காலியை நகர்த்திவிட்டு என்னைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். சேலை கட்டிய ஆங்கிலேயப் பெண்கள் சம்மணம் போடச் சிரமப்பட்டுச் சாய்ந்து உட்கார, கூடம் முதல்முறையாக ஒரு தெருமுனைபோல ஆனது. கத்தரிக்காய் வந்தபோது எழுந்த சத்தத்தில் அடுத்த அறைக் குழந்தைகள் ஓடிவந்தார்கள்.

கயிறு வெட்டும் வித்தைக்குப் பதில் வேட்டி. நடுவில் வெட்டும் வேலையை ஓய்வு பெறும் சிஸ்டரிடமே விட்டேன். அறுவை அறையில் ஆயிரமாயிரம் முறை கத்தரிக்கோலை எடுத்து நீட்டிய கை. இந்த முறை வெட்டும் கை. அவர் பிடித்த பிடியிலேயே தொழில் தெரிந்தது. இரண்டு துண்டானதை எல்லாரும் பார்த்தார்கள். மேல்நாட்டு முறையில் துணி ஒன்றானதும் கைதட்டல், முடிந்தது. எனக்கு அது போதவில்லை. ஒன்றான துணியை மடித்து, நம் கோயிலில் பரிவட்டம் கட்டுவதுபோல அவர் தலையில் கட்டினேன். ஊரில் பெரிய மனிதர்களுக்குச் செய்யும் மரியாதை இது என்று நண்பனின் தங்கை ஆங்கிலத்தில் சொன்னாள். சிஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். வித்தை எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. அப்படி மறந்துபோவதைத்தான் நான் விரும்பினேன்.

நான் அதிகம் உழைத்தது அடுத்ததற்கு. மேல்நாட்டில் ‘இரண்டாம் பார்வை’ என்றொரு வித்தை உண்டு. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மேடையில் இருப்பார். மற்றவர் கூட்டத்துக்குள் போய்ப் பொருளைத் தொட்டுக் கேட்கக் கேட்க அவர் சொல்வார். பாரிஸில் ரோபேர் ஊதேன் 1846-இல் தன் மகனோடு இதைச் செய்து ஊரை வியக்கவைத்தார். கேள்வியின் சொற்களிலேயே பதில் ஒளிந்திருக்கும் என்பது வெகுநாளாக வெளியில் தெரிந்ததுதான், ஆகவே நான் சொல்வதில் பிழையில்லை. இதே வித்தை நம் சந்தைத் திடலில் போர்வைக்கடியில் படுத்த பையனோடு காலங்காலமாக நடக்கிறது. ஊடாக வரும் பேச்சு நம் தலைமுறைக்கு மனப்பாடம். தங்கையின் மகளுக்கு வீடியோ அழைப்பில் முன்பே பயிற்சி கொடுத்திருந்தேன். சொல்லு, சொல்லும்மா, பார்த்துச் சொல்லு, சட்டுனு சொல்லு என்று வினையையும் விகுதியையும் மாற்றிக்கொண்டே போகத் தமிழ் எவ்வளவு இடம் கொடுக்கிறது! ஆங்கிலத்தில் செய்தால் கேள்விகள் செயற்கையாக நீளும். தமிழில் அது கெஞ்சலும் அதட்டலுமாகத் தானாகவே ஒலிக்கும்.

போர்வை விரித்து அவளைப் படுக்கவைத்தேன். கூட்டத்துக்கு இரண்டு சொல் கற்றுக்கொடுத்தேன்.

“இந்தப் பக்கம் வா!”

“வந்தேன்!”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுவியா?”

“சொல்லுவேன்!”

போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல், வட்டத்திலிருந்து நாற்பது குரல். வந்தேன் என்பதில் வரும் ‘ந்த’வை ஆங்கிலேய நர்ஸுகள் இரண்டாம் முறையிலேயே பிடித்துக்கொண்டார்கள், தமிழ் நோயாளிகளிடம் பேசிப் பேசிப் பழக்கமாம். கடிகாரம், பேனா, மருத்துவமனை அடையாள அட்டை, ஒருவர் பையில் இருந்த பல்செட் என்று அவள் ஒன்றொன்றாகச் சொன்னாள். அவள் பாட்டி ஊரில் இருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். “பாவி மக்கா, இவ எப்ப இதெல்லாம் படிச்சா?” என்று கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

சாப்பாட்டின்போது எல்லாரும் கயிற்றைப் பற்றிக் கேட்டார்கள். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தரத்தில் நிமிரும் கயிறு, ஏறி மறையும் சிறுவன் என்ற கதை இவ்வளவு பரவக் காரணம், 1890-இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழில் ஜான் வில்கி கற்பனைப் பெயரில் எழுதிய கட்டுரை. சில மாதம் கழித்து அது கட்டுக்கதை என்று பத்திரிகை ஒப்புக்கொண்டது, ஆனால் அதற்குள் கதை உலகைச் சுற்றிவிட்டது. 1934-இல் லண்டன் மேஜிக் சர்க்கிள், கயிற்று வித்தையைச் செய்துகாட்டுபவருக்கு 500 கினி தருவதாக ஒரு கூட்டத்தில் அறிவித்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் சென்னை மாகாணத்தின் முன்னாள் ஆளுநர் ஆம்ப்தில் பிரபு. பரிசு கைமாறவில்லை.

கயிற்றுக்குப் பதில் அவர்களுக்கு நான் சென்னைக் கதையைச் சொன்னேன். 1830 வாக்கில் சென்னையில் சேஷால் என்பவர் ஒரு கோலின்மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்தார்; ஆங்கிலப் பத்திரிகைகள் படத்தோடு எழுதின. அங்கிக்குள் ஓடும் இரும்புச் சட்டம்தான் தாங்கியது என்று பின்னால் விளங்கியது. ரோபேர் ஊதேன் 1847-இல் தன் மகனை அதேபோல் அந்தரத்தில் கிடத்தியபோது இந்தியாவின் பெயரைச் சொல்லவில்லை, தலைப்பாகை வைக்கவில்லை. ஈதர் மயக்கமருந்து வந்த புதிது அது. ஊரெல்லாம் அதே பேச்சு. ஈதரை முகர்ந்ததால் பையன் எடையற்றுப் போனான் என்று சொன்னார். நாடகசாலைக்குள் ஈதர் வாடை பரவும்படியும் ஏற்பாடு செய்தார். வாழ்க்கையை மயக்கமருந்து அறையில் கழித்தவர்கள் மேஜையைச் சுற்றி இருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் விடாமல் பேசிக்கொண்டிருந்தது இதைப் பற்றித்தான்.

மறுநாள் ஈஸ்ட் கௌஸில் உள்ள ஆஸ்போர்ன் மாளிகைக்குப் போனோம். விக்டோரியா அரசியின் வீடு. அதில் ‘தர்பார் ரூம்’ என்ற விருந்துக் கூடம் 1890-91-இல் கட்டியது. லாக்வுட் கிப்ளிங் திட்டமிட, லாகூர் கலைப்பள்ளியில் பயின்ற பாய் ராம் சிங் கூடவே இருந்து உருவம் கொடுத்தார். வெள்ளைவெளேரென்ற சுவரும் கூரையும், கணப்புக்கு மேலே தோகை விரித்த மயில். தொட்டுப் பார்க்க விடமாட்டார்கள், ஆனால் கூர்ந்து பார்த்தால் தெரியும்: கல்லும் மரமும் இல்லை, எல்லாம் இங்கிலாந்தின் சாந்தும் காகிதக் கூழும்தான். ராம் சிங் தெரிந்த உருவத்தைத் தெரியாத பொருளில் வார்த்திருக்கிறார். அதற்குப் போகும் தாழ்வாரத்தில் ருடால்ஃப் ஸ்வோபோடா தீட்டிய இந்தியர்களின் முகங்கள். குயவர், நெசவாளி, சிப்பாய். ராம் சிங்கின் படமும் ஸ்வோபோடா வரைந்ததுதான். தீவில் இந்திய தீமுக்கு இதைவிட நேர்மையான உதாரணம் கிடையாது. அரசியின் ஆசைக்காகச் செய்ததுதான் என்றாலும், அந்த மயில் வேஷம் அல்ல.

திரும்பும் பேருந்தில் தங்கையின் மகள் கேட்டாள். “மாமா, அந்த மணல் வித்தையை எங்க ஸ்கூல்ல செய்யலாமா?” முந்தின இரவு கடைசியாகச் செய்தது அது. உருளி நிறைய நீர், மூன்று நிற மணலைக் கொட்டிக் கலக்கி, ஒவ்வொரு நிறமாக உலர்ந்த பொடியாகக் கையில் எடுத்தேன். கடைப் பெயர் கங்கை மணல். அந்தப் பெயரை விட்டுவிட்டு, எடுத்த பொடியில் அவள் அம்மாவைக் கறுப்புத் தட்டில் கோலம் போடச் சொல்லியிருந்தேன்.

“அங்க கோலம்னா யாருக்கும் தெரியாது. ஆலம் பே மணல வச்சுச் செஞ்சா?” என்றாள்.

அந்த வளைகுடாவின் பாறைச் சரிவில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மணல் அடுக்கடுக்காக இருக்கிறது. கண்ணாடிக் குப்பியில் நிறம் நிறமாக நிரப்பி விற்கிறார்கள். தீவில் அது இல்லாத வீடு குறைவு என்றாள். குப்பியைக் குலுக்கக் கூடாது, குலுக்கினால் நிறமெல்லாம் கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது என்று சின்ன வயதிலிருந்து எல்லாரையும் திட்டி வளர்ப்பார்களாம். கலந்ததை நீருக்குள்ளிருந்து பிரித்து எடுத்தால் அவள் பள்ளியில் வாய்பிளக்காத குழந்தை இருக்காது. நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

சரிவிலிருந்து அள்ளக்கூடாது, கடையில் வாங்கிக்கொள் என்றேன். களிமண் கலந்திருக்கும், நீர் தெளிகிற வரை அலசு, வெயிலில் பரப்பு, வெயில் இல்லையென்றால் அம்மாவிடம் கேட்டு ஓவனில் குறைந்த சூட்டில் வை. பக்குவப்படுத்தும் முறையை மட்டும் எழுதித் தரமாட்டேன், ஊருக்குப் போய் வீடியோவில் வந்து காட்டுகிறேன், அம்மா அடுப்பங்கரையில் கூட இருக்கும்போது.